அந்தக் களிமண் பொம்மைகள் எங்கே? – வீடியோ கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் வெளியிடும் நிறுவனங்களின் தலைமையில் இருப்பவர்களுக்கும் ஸ்டுடியோக்களை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கேம் வெளியான பிறகு, அதற்காக வரைந்த ஓவியங்கள், கிறுக்கிய தாள்கள், களிமண்ணில் பிடித்த பொம்மைகள், லேயர் லேயராக இருக்கும் அசல் கோப்புகள் எல்லாம் என்ன ஆகின்றன? யார் பொறுப்பில் இருக்கின்றன? இதை உங்கள் அலுவலகத்தில் இப்போதே யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். சட்டென்று ஒரு ஆளின் பெயரைச் சொன்னார்கள் என்றால் இந்த மடல் உங்களுக்கானதல்ல, மன்னிக்கவும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்றால் மேலே படியுங்கள்.

நான் விமர்சகன் அல்ல, படம் வரைகிறவன். சிறிய குழுக்களுக்கு ஸ்பிரைட், அதாவது கேமில் அசைகிற பாத்திரங்களின் சின்னச் சின்னப் படங்கள், வரைந்து கொடுத்திருக்கிறேன். அதனால் விளையாடும்போதும் வரைகிற கண்ணோடுதான் பார்ப்பேன். எதிரி ஓங்கி அடிக்க வரும்போது, அவன் கை எத்தனை ஃப்ரேமில் மேலே போகிறது என்று எண்ணிக்கொண்டே நின்று அடி வாங்கிச் சாகிற ரகம். அந்த ரகத்து ஆளின் மனுவாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் படத்தைக் கம்ப்யூட்டரே வரைந்துவிடுகிறது என்று வெளியே பலர் நினைக்கிறார்கள். அவர்கள் நினைக்கட்டும், பரவாயில்லை. உள்ளே இருக்கும் நீங்களும் அதே நினைப்பில் நடந்துகொள்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம். கேமை இயக்குகிற மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை, பத்திரப்படுத்த வேண்டும் என்பது இப்போது ஓரளவு புரிந்திருக்கிறது. படங்களைப் பற்றிக் கேட்டால், "அதுதான் கேமுக்குள்ளேயே இருக்கிறதே" என்று பதில் வருகிறது. இல்லை. கேமுக்குள் இருப்பது சுருக்கி, நிறம் குறைத்து, இருக்கிற இடத்தில் அடங்கும்படி நசுக்கிய பிரதி. அசல் வேறு.

அசல் எப்படியெல்லாம் இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜோர்டான் மெக்னர் என்ற கேம் வடிவமைப்பாளர். 1985-ல் அவர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டிவிட்டு, ஓடச் சொல்லி, தாவச் சொல்லி, விளிம்பைப் பிடித்துத் தொற்றி ஏறச் சொல்லி வீடியோ எடுத்தார். அந்த வீடியோவை டிவியில் போட்டு, ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்தி, திரையை ஸ்டில் கேமராவில் படம் பிடித்தார். ஃபிலிமைக் கழுவி பிரிண்ட் போட்டு வந்த புகைப்படங்களில் தம்பியின் உருவம் மட்டும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். அதற்காகக் கறுப்பு மார்க்கரையும், தட்டச்சுப் பிழையை மறைக்கப் பூசுவோமே அந்த வெள்ளை மையையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படமாக உட்கார்ந்து பூசினார். பிறகு ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸ் தாளை மறுபடி கேமரா வழியாக ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, அங்கே பிக்சல் பிக்சலாகச் சுத்தம் செய்தார். 1989-ல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வில் அந்த இளவரசன் ஓட்டத்தை நிறுத்தும்போது கால் கொஞ்சம் சறுக்கி நிற்கிறதே, அதில் இருப்பது ஒரு நிஜப் பையனின் உடல் எடை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எதிரி ஒருவனுக்குத் தனியாக அனிமேஷன் செய்யலாம் என்றால் அந்த மெஷினின் மெமரியில் இடம் இல்லை. சரி, நாயகனின் அதே படங்களையே எடுத்து, பிட்டுகளைக் கணக்குப் போட்டுப் புரட்டினார்கள். மினுமினுக்கிற நிழல் உருவம் ஒன்று வந்தது. அதுதான் கதையின் முக்கியப் பாத்திரமாகவே ஆகிவிட்டது. தட்டுப்பாட்டில் பிறந்த கலை என்று வேண்டுமானால் சொல்லலாம், எனக்கு அது சமாளிப்புக் கலை. கேம் ஓவியத்தில் பாதி அதுதான்.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது. அந்த ஆப்பிள் 2 பதிப்பின் சோர்ஸ் கோடு இருபது வருடத்துக்கும் மேலாகக் காணாமல் போயிருந்தது. 2012-ல் மெக்னரின் அப்பா, வீட்டில் கிடந்த ஒரு பெட்டியை மகனுக்கு அனுப்பி வைத்தார். அதற்குள் இருந்த பழைய டிஸ்க்குகளில் அது இருந்தது. பழைய மெஷின்களை இயக்கத் தெரிந்தவர்கள் வந்து உட்கார்ந்து அதைப் படித்து மீட்டார்கள், பிறகு எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். ஆகப் பெரிய கேம்களில் ஒன்றின் மூலத்தைக் காப்பாற்றியது எந்த நிறுவனத்தின் கொள்கையும் அல்ல. வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று பெட்டியைத் தூக்கிப் போடாத ஓர் அப்பா. மெக்னர் சேர்த்து வைத்திருந்த ஆவணங்கள் இன்று அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் உள்ள 'தி ஸ்ட்ராங்' விளையாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எல்லா ஓவியருக்கும் அப்படி ஓர் அப்பா இருப்பார் என்று நம்பி நீங்கள் தொழில் நடத்த முடியாது.

களிமண்ணுக்கு வருகிறேன். 1993-ல் வந்த 'டூம்' கேமைத் தெரியாதவர்கள் குறைவு. அதன் அரக்கர்களில் சிலர் கம்ப்யூட்டரில் பிறக்கவே இல்லை. ஏட்ரியன் கார்மாக் என்ற ஓவியர் அவற்றைக் களிமண்ணில் பிடித்தார். ஒரு போஸில் பொம்மையை நிறுத்தி, சுற்றுகிற தட்டில் வைத்து, கொஞ்சம் திருப்பி ஒரு படம், இன்னும் கொஞ்சம் திருப்பி இன்னொரு படம் என்று வீடியோ கேமராவில் பதிவு செய்தார்கள். திரையில் அரக்கன் எட்டுத் திசையில் தெரிய வேண்டும். இடது வலது ஒரே மாதிரி இருந்தால் ஐந்து கோணம் எடுத்து, மீதி மூன்றைக் கண்ணாடி பிம்பமாகப் புரட்டிக்கொள்ளலாம். அடுத்து ஒரு காலைத் தூக்கி வைத்த போஸ். மறுபடி ஐந்து. அடி வாங்கும் போஸ், விழும் போஸ். களிமண்ணுக்கு இந்த முறுக்கல் எல்லாம் தாங்குமா? ஒவ்வொரு முறை கையை மடக்கும்போதும் சிதையும், விரிசல் விடும், அதைப் பூசி ஒட்ட வேண்டும். அதனால் பிறகு கிரிகர் பன்சாட்ஸ் என்ற மாடல் கலைஞரிடம் கொடுத்து, உள்ளே உலோக எலும்புக்கூடும் மேலே லேடெக்ஸ் தோலுமாகச் சில அரக்கர்களைச் செய்து வாங்கினார்கள்.

அத்தோடு முடியவில்லை. கேமரா பிடித்த படத்தில் ஆயிரக்கணக்கான நிறங்கள் இருக்கும். கேமுக்கு மொத்தமே 256 நிறங்கள்தான், அதையும் சுவர், வானம், ரத்தம் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நிறத்தைக் குறைத்ததும் அரக்கன் சேறு மாதிரி ஆகிவிடுவான். பிறகு ஓவியர் உட்கார்ந்து கண்ணைத் தெளிவாக்கி, பல்லுக்கு வெளிச்சம் கொடுத்து, ஓரத்தை இழுத்துச் சரிசெய்வார். துப்பாக்கி? பொம்மைக் கடையில் வாங்கிய விளையாட்டுத் துப்பாக்கியைக் கையில் பிடித்துப் படமெடுத்தது. மரம் அறுக்கிற செயின்சா மட்டும் நிஜம்.

இந்தப் பொம்மைகள் படம் எடுத்து முடித்த அன்றே வேலைக்கு ஆகாதவை. தயாரிப்பு அட்டவணையில் அவற்றுக்கு அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. ஆனால் ஒரு சிற்பி விரலால் அழுத்திய தடம், ஒட்டுப் போட்ட இடம், இந்தப் பக்கம் கேமராவில் தெரியாது என்று பூசாமல் விட்ட முதுகு, இதெல்லாம் அதில்தான் இருக்கும். திரையில் இருக்காது. வரையக் கற்றுக்கொள்கிறவனுக்கு முடிந்த படத்தைவிடப் பூசாமல் விட்ட முதுகுதான் பாடம். எதை விடலாம் என்று அவர் எப்படி முடிவு செய்தார் என்பது அங்கேதான் தெரியும்.

பிக்சல் ஓவியமும் இப்படித்தான், என்ன, கையில் மண் ஒட்டாது. 16-க்கு 16 கட்டம், மொத்தம் 256 கட்டத்துக்குள் ஒரு மனிதனை நிற்க வைக்க வேண்டும். கண் என்பது ஒரே ஒரு கட்டம். அதை ஒரு கட்டம் கீழே இறக்கினால் ஆள் சோர்ந்துபோவான். பக்கத்தில் ஒரு வெளிர்க் கட்டம் வைத்தால் முழித்துப் பார்ப்பான். நான் வரையும்போது பாதி நேரம் வரைவதே இல்லை. ஒரு கட்டத்தை வைப்பது, தள்ளி உட்கார்ந்து பார்ப்பது, எடுப்பது, மறுபடி வைப்பது. பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கு நான் ஒரு வேலையும் செய்யாத மாதிரிதான் தோன்றும்.

மரியோவின் முகத்தைப் பாருங்கள். 1981-ல் 'டாங்கி காங்' செய்தபோது நின்டெண்டோ நிறுவனத்தின் வடிவமைப்பாளர் மியாமோட்டோவுக்குக் கிடைத்த கட்டங்கள் அவ்வளவு குறைவு. வாயை வரைய இடமில்லை, அதனால் பெரிய மூக்கும் அதன் கீழே மீசையும். ஓடும்போது, குதிக்கும்போது முடி பறப்பதை வரைய முடியாது, அதனால் தொப்பி. கை வீசுவது தெரிய வேண்டும், அதனால் சட்டைக்கு ஒரு நிறம், மேலே மாட்டிய தொழிலாளி உடைக்கு இன்னொரு நிறம். 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' கேமில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. தெரியாமல் எத்தனை பேர் எத்தனை வருடம் விளையாடியிருப்போம்!

'ஃபைனல் ஃபேன்டஸி' கேம் வரிசை என்றதும் எல்லோரும் யோஷிடாகா அமானோவின் ஓவியங்களைச் சொல்வார்கள். மெல்லிய கோடு, கரைந்து ஓடும் நிறம், காற்றில் பறக்கும் துணி. சொல்ல வேண்டியதுதான், பிரமாதமான ஓவியர். ஆனால் அந்தக் காலத்தில் விளையாடியவர் திரையில் பார்த்தது அவர் இழுத்த கோடுகளை அல்ல. கசுகோ ஷிபுயா என்ற பெண் ஓவியர் அந்தக் கற்பனையை எடுத்து, விரல் நுனி அளவுப் பொம்மைகளாக, விரல் விட்டு எண்ணக்கூடிய நிறங்களில் உட்கார வைத்தார். பறக்கும் துணியை மூன்று நிறத்தில் எப்படிச் சொல்வது? எதை விட்டால் ஆள் மாறிவிடும், எதை விட்டாலும் ஆள் அதே ஆள்? அதைத் தீர்மானித்தது அவர் கண். என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஷிபுயாவின் மேசைமேல் கிடந்த தாள்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

இன்னும் ஒன்று. அந்தக் கால ஓவியர்கள் வரைந்தது இன்றைய திரைக்கு அல்ல, பழைய பெரிய டிவிப் பெட்டிக்கு. அதில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்து கலக்கும். 1991-ல் வந்த 'சோனிக்' கேமின் அருவியைக் கூர்மையான இன்றைய திரையில் பார்த்தால், கோடு போட்ட பைஜாமா மாதிரி நீள நீளமான பட்டைகள்தான் தெரியும். பழைய டிவியில் அந்தப் பட்டைகள் கலந்து, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராக ஆகிவிடும். கேம் கோப்பு மட்டும் கையில் இருக்கிற ஒருவர் நூறு வருடம் கழித்து இதைப் பார்த்தால், ஓவியருக்குத் தண்ணீர் வரையத் தெரியவில்லை என்று முடிவு கட்டுவார். எந்தத் திரையில் பார்ப்பதற்காக, என்ன நினைத்து இதை வரைந்தோம் என்ற ஒரு பக்கக் குறிப்பு கூடவே இருந்தால் போதும். அந்த ஒரு பக்கத்தைத்தான் கேட்கிறேன்.

பத்திரப்படுத்த முடியாது என்று சொல்லிவிடாதீர்கள், செய்தவர்கள் இருக்கிறார்கள். மியாமோட்டோவும் அவரோடு வேலை செய்த டெசுகாவும் 'சூப்பர் மரியோ'வின் நிலைகளைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தார்கள். எங்கே செங்கல், எங்கே குழாய், எங்கே பள்ளம் எல்லாம் அதில் இருக்கும். திருத்தம் வந்தால் அந்த இடத்தில் மெல்லிய தாளை மேலே வைத்து வரைந்து, புரோகிராமரிடம் கொடுப்பார்கள். நின்டெண்டோ அந்தத் தாள்களை முப்பது வருடம் வைத்திருந்து 2015-ல் எடுத்துக் காட்டியது. அவற்றைப் பார்த்த பிறகு முதல் நிலையை நான் விளையாடுகிற விதமே மாறிவிட்டது.

வைத்திருக்காதவர்களின் கதை உங்களுக்கே தெரியும், உங்கள் கணக்குப் பிரிவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 2002-ல் வந்த 'கிங்டம் ஹார்ட்ஸ்' கேமை 2013-ல் உயர் தெளிவில் திரும்ப வெளியிடலாம் என்றபோது அசல் கோப்புகள் தொலைந்துபோயிருந்தன. விற்பனைக்கு வந்த கேமையே பிரித்து, தோண்டி, நிறையப் பகுதிகளைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. 1998-ன் 'பால்டர்ஸ் கேட்' 2012-ல் புதுப்பித்த பதிப்பாக வந்தபோதும் இதே பாடுதான். பின்னணிப் படங்களைப் பெரிய அளவில் மறுபடி உருவாக்கத் தேவையான அசல் கலைக் கோப்புகள் கிடைக்கவில்லை. ரீமாஸ்டர் என்ற பெயரில் வரும் பல கேம்களில் பாத்திரங்கள் பளிச்சென்றும் பின்னால் இருக்கும் சுவர் மங்கியும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரசிகர்கள் திட்டுவது புதிதாகச் செய்தவர்களை. அவர்கள் பாவம், கையில் இருந்தது ஜெராக்ஸின் ஜெராக்ஸ்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாம் முப்பரிமாணம், எல்லாம் சர்வரில் இருக்கிறது என்பீர்கள். முப்பரிமாணத்தில் கைவேலை குறைந்துவிட்டது என்று நினைத்தால், 2014-ல் வந்த 'கில்டி கியர் எக்ஸ்ஆர்டி'யைப் பாருங்கள். முதல் முறை பார்ப்பவர் அதைக் கையால் வரைந்த கார்ட்டூன் என்றே சொல்வார். கேமரா சுழலும்போதுதான் முப்பரிமாணம் என்று தெரியும். அதை எப்படிச் செய்தார்கள் என்று அந்தக் குழுவின் ஜுன்யா மோட்டோமுரா 2015-ல் கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் விளக்கினார். உருவத்தில் வெளிச்சம் எங்கே விழுந்து நிழல் எங்கே முடிய வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் கணக்குக்கு விடாமல், முகத்தின் புள்ளிகளில் அந்தத் திசையைக் கையால் மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒரு போஸிலிருந்து அடுத்த போஸுக்குக் கம்ப்யூட்டர் வழவழவென்று நகர்த்தித் தருவதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஒவ்வொரு போஸையும் தனியாக நிறுத்தினார்கள். குத்துவிடும் கை கேமராவுக்குப் பக்கத்தில் வரும்போது அந்த ஒரு ஃப்ரேமுக்கு மட்டும் முஷ்டியைப் பெரிதாக்கினார்கள். கம்ப்யூட்டர் சும்மா தருவதை வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் அவ்வளவு உழைப்பு.

ஆகவே சர்வரில் இருக்கிறது என்பது பதில் அல்ல. எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் திறக்கும், எந்தக் கோப்பு கடைசிக் கோப்பு, 'ஃபைனல்', 'ஃபைனல்_புதுசு', 'ஃபைனல்_இதுதான்' என்று கிடக்கிற ஏழெட்டில் எது நிஜம் என்பது வரைந்தவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வேலையை விட்டுப் போன அன்று அவருடைய லாகினை மூடிவிடுகிறீர்கள். சர்வரில் இருந்தாலும் அன்றோடு அது தொலைந்த மாதிரிதான்.

இன்னொரு பக்கம், கைவேலையை முழுதாக நம்பி இறங்கியவர்களும் இப்போது இருக்கிறார்கள். 2014-ல் வந்த 'லூமினோ சிட்டி'க்காக ஸ்டேட் ஆஃப் ப்ளே குழு காகிதம், அட்டை, குட்டி விளக்குகள், மோட்டார்கள் எல்லாம் வைத்துப் பத்து அடி உயரத்துக்கு ஒரு நகரத்தையே கட்டிப் படம் பிடித்தது. 2017-ன் 'கப்ஹெட்'டில் 1930-களின் கார்ட்டூன் முறையில் ஒவ்வொரு ஃப்ரேமையும் பென்சிலில் வரைந்து, மையில் இழுத்து, ஸ்கேன் செய்து, அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டரில் நிறம் கொடுத்தார்கள். பின்னணிக்கு நிஜமான வாட்டர்கலர். அந்த மை இழுக்கும் வேலையில் பெரும் பங்கு மாயா மோல்டன்ஹவருடையது. கேமை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? 2024-ல் வந்த 'ஹரால்ட் ஹாலிபட்' இன்னும் ஒரு படி மேல். ஸ்லோ பிரதர்ஸ் குழு பொம்மைகள், அவற்றின் உடைகள், நாற்காலி, குழாய், கதவு வரை கையால் செய்து, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து உள்ளே கொண்டுபோனது. பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. கேமாக அது கொஞ்சம் மெதுவானது என்பார்கள், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அதில் வரும் ஒவ்வொரு அறையிலும் நின்று சுவரைப் பார்க்கலாம்.

பெயர் என்று வந்துவிட்டதால் அதையும் பேசிவிடுகிறேன். அடாரி என்ற கேம் நிறுவனத்தில் கேம் செய்தவர்களின் பெயர் பெட்டியில் போடாத காலம் ஒன்று இருந்தது. வாரன் ராபினெட் தன் 'அட்வென்சர்' கேமுக்குள் ஒரு ரகசிய அறை வைத்து, அதில் தன் பெயரை ஒளித்து வைத்தார். அதே மனக்கசப்பில் அங்கிருந்து வெளியேறிய சிலர் 1979-ல் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஜப்பானிய நிறுவனங்கள் பலவற்றில், போட்டிக் கம்பெனி ஆளைத் தூக்கிவிடும் என்ற பயத்தில், கிரெடிட்ஸில் புனைபெயர்தான் போட்டார்கள். அதனால் அந்தக் காலத்து அருமையான பல ஸ்பிரைட்டுகளை வரைந்தது யார் என்று இன்றும் ஆராய்ந்து தேட வேண்டியிருக்கிறது.

இப்போது அப்படி இல்லை, கிரெடிட்ஸ் கால் மணி நேரம் ஓடுகிறது என்பீர்கள். ஓடுகிறதுதான். ஆனால் வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்னால் வேலையை விட்டவரின் பெயர் அதில் இருக்கிறதா? மூன்று வருடம் மரம் மரமாகச் செதுக்கியிருப்பார், கடைசி நாளில் சம்பளப் பட்டியலில் இல்லாததால் பெயரும் இல்லை. வெளியே கொடுத்துச் செய்த வேலைக்கு அந்தக் கம்பெனியின் பெயர் ஒரு வரி, உள்ளே உட்கார்ந்து வரைந்தவர்கள் யாரும் இல்லை. உயர் அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் முதலில் வந்துவிடுகின்றன. சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கம் இதற்கெல்லாம் வழிகாட்டு விதிகள் எழுதி வைத்திருக்கிறது. புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம், அதை எடுத்துப் பின்பற்றினால் போதும்.

தயங்குவீர்கள் என்று தெரியும். இடம் இல்லை, செலவு, தொழில் ரகசியம். இடப் பிரச்சினை களிமண்ணுக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் நீங்களே வைத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? 'தி ஸ்ட்ராங்' அருங்காட்சியகத்தில் அடாரியின் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் மெஷின்) பிரிவு விட்டுச்சென்ற வடிவமைப்புப் படங்களும் ஆவணங்களும் இருக்கின்றன. பெர்லினில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கென்றே, 1997-ல் தொடங்கிய ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-லேயே 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2018-ல் கேம் வடிவமைப்புக்கென்று பெரிய கண்காட்சி நடத்தி, வடிவமைப்பாளர்களின் நோட்டுப் புத்தகங்களையும் ஓவியங்களையும் காட்டியது. வாங்கி வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. கொடுக்கத்தான் ஆள் இல்லை. ரகசியம் என்றால், பத்து வருடம் திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள், ஆவணக் காப்பகங்களுக்கு அது பழக்கமான நிபந்தனைதான். பத்து வருடம் கழித்து உங்கள் கேமின் கத்தி எப்படி வரைந்தது என்பதில் என்ன ரகசியம் மிச்சம் இருக்கப்போகிறது?

செயற்கை நுண்ணறிவு பற்றி நீளமாகப் பேச எனக்கு விருப்பமில்லை, அதற்கு வேறு மடல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றே ஒன்று. இனிமேல் உங்கள் கேமைப் பார்த்து, "இதை யாராவது வரைந்தார்களா, இல்லை மெஷின் துப்பியதா?" என்று கேட்பார்கள். ஏற்கனவே கேட்கிறார்கள், நிஜமாகவே வரைந்தவர்களைக்கூட. அப்போது எடுத்துக் காட்ட உங்களிடம் என்ன இருக்கும்? முடிந்த படத்தைக் காட்டி நிரூபிக்க முடியாது. அடித்துத் திருத்திய பத்துப் பென்சில் கிறுக்கல்களைக் காட்டினால் வேறு பேச்சே இல்லை. 'கையால் செய்தது' என்று விளம்பரத்தில் போட விரும்புகிறவர்கள், அந்தக் கை விட்ட தடங்களையும் வைத்திருக்க வேண்டும்.

என் வேண்டுகோள் பெரிதல்ல. தயாரிப்பு அட்டவணையில் வெளியீட்டு நாளுக்குப் பிறகு இரண்டு வாரம் ஒதுக்குங்கள், அதற்குச் சம்பளமும் கொடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் ஓவியப் பிரிவே உட்கார்ந்து எது அசல், எது கழிவு என்று பிரிக்கட்டும். வேறு யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள், வரைந்தவர்களுக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. நாங்களே குப்பையில் போடச் சொல்வது நிறைய இருக்கும், சிலவற்றை யாரும் பார்க்காமல் இருந்தால் நல்லது. வைத்திருக்கிற ஒவ்வொன்றோடும் செய்தவர் பெயரும், எதற்காகச் செய்தது என்ற சில வரிகளும் இருக்கட்டும். வேலையை விட்டுப் போகிறவருக்கு, கேம் வெளியானதும் தன் வேலையைத் தன்னுடையது என்று வெளியே காட்டிக்கொள்ள எழுத்தில் அனுமதி கொடுங்கள். இன்று பல ஒப்பந்தங்கள் அதைக்கூடத் தடுக்கின்றன. வரைந்த படத்தை அடுத்த வேலைக்கான நேர்காணலில் காட்ட முடியாமல், "நான்தான் வரைந்தேன், நம்புங்கள்" என்று சொல்லி உட்கார்ந்திருப்பது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்குத் தெரியாது.

பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்து இதை எழுதவில்லை. ஆனால் உங்களில் யாருடைய ஸ்டுடியோவாவது இப்போது அலுவலகம் மாற்றுகிற வேலையில் இருந்தால், மூலையில் 'ஆர்ட் – பழசு' என்று எழுதிய அட்டைப் பெட்டிகள் சில இருக்கும். லாரி வருவதற்கு முன் ஓவியப் பிரிவிலிருந்து ஒருவரை, முடிந்தால் இருப்பதிலேயே பழைய ஆளை, கூப்பிட்டுப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு அரை நாள் ஆகும். அதற்கும் சம்பளம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்பிரைட் வரைகிற ஒருவன்